கரைப்பான் திரவங்களின் உட்பொருளை அறிதலும் பிரித்தலும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் கிளியனூர் இருக்கின்றது. அதற்கு வடகிழக்கே சவுக்குத் தோப்புகளையும் உப்பளங்களையும் கடந்து சென்றால் மரக்காணம். அதனை அடுத்துக் கடலோரத்தில் எக்கியார்குப்பம் என்னும் மீனவர் கிராமம். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுவில் அங்கே சாராயமென்று எண்ணி வாங்கிக் குடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மடிந்தனர். அதே நாட்களில் செங்கற்பட்டு ஜில்லாவில் மதுராந்தகத்தைச் சார்ந்த கிராமங்களிலும் அவ்விதமே நேர்ந்தது. இரு ஜில்லாக்களிலுமாக இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. தடயவியற் சோதனையின் முடிவு வந்தபொழுது, அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயமே அன்று, தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெதனால் என்று மாநிலப் போலீஸ் தலைவர் அறிவித்தார். அதற்கு முந்திய ஆண்டு ஜூலையில் குஜராத்தின் போட்டாட் பகுதியில் நாற்பதுக்கு மேற்பட்டோரும், பிந்திய ஆண்டு, அதாவது 2024 ஜூனில், நமது கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டோரும் இதே பொருளால் மாண்டனர்.

இவ்வியாசம் குடியின் தீமையைப் பற்றியதன்று. அதனைப் பலரும் சொல்லியிருக்கின்றனர். கலத்தில் அடைத்து வரும் ஒரு திரவத்தினுள் இன்ன சரக்கு இருக்கின்றதென்று கண்ணும் மூக்கும் நாவும் ஏன் சொல்லமாட்டா, ரசாயனிகள் அதனை எவ்விதம் கண்டறிகின்றனர், கலந்த சரக்கைப் பிரித்தல் எத்துணை எளிது அல்லது அரிது என்பவற்றைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்ளுதல் அவசியமென்று தோன்றுகின்றது. ஏனெனில் பெயர் தெரியாத திரவம் முதன்முதல் வந்து சேர்வது கிராமத்திற்கே. அதனை முதன்முதல் காண்பவரும் அவர்களே.

கரைப்பான் என்பது நமக்குப் புதிய வஸ்து அன்று. மணிலாக்கொட்டையைச் செக்கிலோ இயந்திரத்திலோ ஆட்டியெடுத்த பின்னும் பிண்ணாக்கில் நூற்றுக்கு 6 முதல் 8 பங்குவரை எண்ணெய் தங்குகின்றது. ஆலைகளில் அப்பிண்ணாக்கின்மேல் ஹெக்ஸேன் என்னும் திரவத்தைப் பாய்ச்சி எண்ணெயைக் கரைத்தெடுக்கின்றனர். மிச்சம் 1 பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். பிறகு அவ்வெண்ணெயைச் சுடவைத்து நீராவி செலுத்தினால், ஏறக்குறைய 63 முதல் 69 டிகிரிக்குள் கொதிக்கும் ஹெக்ஸேன் ஆவியாய்ப் பிரிந்து, குளிர்ந்து, மறுபடியும் வேலைக்கு வந்துவிடும். எண்ணெயின் கொதிநிலை அதைவிடப் பன்மடங்கு உயர்ந்ததாகையால் இப்பிரிவு சுலபம். பூச்சி மருந்துகளில் தண்ணீரில் ஊற்றியவுடன் பால்போல் வெளுக்கும் வகைகளுக்கும் கரைப்பானே ஆதாரம். அவற்றில் மருந்து ஒரு பங்கு. மீதியில் பெரும்பாகம் சைலீன் முதலான தார் எண்ணெய் வகைத் திரவமும், எண்ணெயையும் நீரையும் இணைக்கும் பால்மமாக்கியுமேயாம். வண்ணம் பூசுவோர் 'தின்னர்' என்று வாங்குவது ஐந்தாறு கரைப்பான்களின் கூட்டு. அதன் சேர்மானம் வியாபாரிக்கு வியாபாரி மாறும், விலைக்குத் தக்கபடியும் மாறும்.

இனி மெதனாலின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். மரத்தைக் காற்றுப் புகாத கலத்திலிட்டுச் சுட்டால் கரி மிஞ்சும். எழும் புகையைக் குளிரவைத்தால் தாரும், காடியும், இலேசான ஒரு சாராயமும் கிடைக்கும். இச்சாராயத்தை 1661-இல் ராபர்ட் பாயில் என்னும் ஆங்கில விஞ்ஞானி பிரித்தறிந்தார். 1834-இல் தூமா, பெலிகோ என்னும் பிரெஞ்சு ரசாயனிகள் அதன் இயைபைக் கண்டு கூறினர். நம் பக்கத்துக் கரிமூட்டங்களிலிருந்து எழும் புகையிலும் இது போய்க்கொண்டுதான் இருக்கின்றது. மைசூர் ராஜ்யத்தில் பத்ராவதி இரும்பாலை 1923-இல் தொடங்கியபொழுது, காட்டு மரத்தைக் கரியாக்கி உலைக்கு இட்டதோடு, புகையையும் வீணாக்காமல் மரச்சாராயத்தை வடித்தெடுத்தனர். ஆனால் அதே 1923-இல் ஜெர்மனியில் வாயுக்களைக் கொண்டே மெதனாலைச் செய்யும் முறை தொழிலளவில் வந்துவிட்டது. அதன்பின் மரத்தைச் சுட வேண்டிய அவசியம் ஒழிந்து சரக்கும் மலிந்தது. இந்நாளில் நம் தேசத்திற்கு வேண்டுவதில் பெரும்பகுதி கப்பலில் வருகின்றது. பிசின், வார்னிஷ், பார்மலின், ஔஷதங்கள் ஆகிய பற்பல தொழில்களுக்கு இது இன்றியமையாதது. ஆகையால் அதனை அறவே ஒழித்துவிட வேண்டும் என்பாரின் பேச்சு நடவாது.

மரச்சாராயத்தை நல்ல சாராயத்தோடு கலந்ததில் அரசாங்கங்களுக்கும் பங்குண்டு. தொழிலுக்கு வேண்டிய எரிசாராயத்தைத் தீர்வையின்றிக் கொடுத்தால் அதனைக் குடித்துவிடுவார்களே என்று அஞ்சி, 1855-இல் இங்கிலாந்தில் அதனுடன் பத்தில் ஒரு பங்கு மரச்சாராயத்தைச் சேர்த்துக் கெடுத்து விற்க அனுமதித்தனர். இந்தியாவில் பிரிடின் முதலான நாற்றச் சரக்குகளையும், பின்னாளில் நாவைக் கசக்கவைக்கும் சரக்குகளையும் சேர்த்து வந்திருக்கின்றனர். கெடுக்கும் சரக்கு சாராயத்தோடு எளிதில் பிரியாமல் ஒட்டியிருக்க வேண்டுமென்பதே இதன் தத்துவம். எளிதில் பிரியுமாயின் அதனைக் கலப்பதில் பிரயோஜனமென்ன? நாற்றத்தையும் கசப்பையும் ஏதேனும் உபாயத்தால் நீக்கி விற்பவன், எச்சரிக்கைப் பலகையை மட்டும் பிடுங்கியெறிந்துவிட்டுப் பள்ளத்தை அப்படியே விட்டுவைக்கின்றான்.

இங்கே முக்கியமான கேள்வி எழுகின்றது. அனுபவசாலியான ஒருவன் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல மாட்டானா? மாட்டான். இரண்டும் நீரைப்போல் தெளிந்தவை. இரண்டும் தண்ணீரில் எந்த விகிதத்திலும் கலக்கும். மணம் ஏறக்குறைய ஒன்றே. எடையோ, ஒரு மில்லிலிட்டர் நல்ல சாராயமாகிய எதனால் 0.789 கிராம், மெதனால் 0.792 கிராம். ஆகவே சாராயத்தின் வீரியத்தை அளக்க மிதக்கவிடும் கண்ணாடிமானி இரண்டையும் ஒன்றாகவே காட்டும்; கடுஞ்சரக்கு என்று அது சொல்வதைக் கேட்டு ஏமாந்தவர் பலர். கரண்டியில் ஊற்றிப் பற்றவைத்துப் பார்ப்பது கிராமங்களில் வழங்கும் சோதனை. மெதனாலும் நீலச் சுடராகத்தான் எரியும், பகலில் அச்சுடர் கண்ணுக்கே புலப்படாது. எரிகின்றது என்பதனால் அது குடிக்கத்தக்கது என்றாகாது.

மேற்சொன்ன எடையின் ஒற்றுமையையே உபகாரமாக்கிக்கொண்டு 1905-இல் லீச், லித்கோ என்னும் அமெரிக்க ரசாயனிகள் ஒரு முறையை வகுத்தனர். ஒளிக்கதிர் திரவத்தினுள் புகும்போது வளைகின்றதன்றோ? அவ்வளைவின் எண் தண்ணீருக்கு 1.333, மெதனாலுக்கு 1.329, எதனாலுக்கு 1.361. தண்ணீரோடு எதனால் கலந்தால் வளைவு நன்றாக ஏறும். அதே அளவு மெதனால் கலந்தால் சொற்பமே ஏறும். மிதவைமானி 'இவ்வளவு சாராயம் உண்டு' என்று காட்ட, ஒளிமானி அதற்கு மிகக் குறைந்த எண்ணைக் காட்டினால், உள்ளே இருப்பது மரச்சாராயமென்று பெறப்படும். இரு சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்து வாக்குமூலங்களை ஒப்பிடும் நியாயாதிபதியின் முறை இது. எனக்கு இம்முறையில் ஒரு தனி மதிப்பு உண்டு. கருவிகள் எளியவை, அறிவே பெரிது.

இதனோடு நிறச் சோதனையும் உண்டு. திரவத்தின் ஒரு பகுதியைப் பெர்மாங்கனேட்டால் மாற்றினால் மெதனால் பார்மால்டிஹைடாகும். அதனோடு குரோமோட்ரோபிக் அமிலமும் கடுங் கந்தகத் திராவகமும் சேர்த்தால் ஊதா நிறம் தோன்றும். இது ரசாயனசாலையில் செய்யத்தக்கது. வீட்டில் திராவகத்தைத் தொட்டு விளையாடுவது தகாது.

பல சரக்குகள் கூடிய தின்னர் போன்ற கலவையை எடுத்துக்கொள்வோம். ரசாயனி முதலிற் செய்வது மிக எளிய காரியம்: ஒரு கண்ணாடிக் குழாயில் சிறிது ஊற்றிச் சமபங்கு தண்ணீர் விட்டுக் குலுக்கி நிறுத்துவார். அசிட்டோன், மெதனால் போன்றவை தண்ணீரோடு போய்விடும். டொலுவின், சைலீன், மண்ணெண்ணெய் ஆகியவை மேலே தனி அடுக்காய் மிதக்கும். குளோரின் சேர்ந்த கனத்த கரைப்பான்கள் அடியில் தங்கும். பிறகு மற்றொரு பகுதியை வாலையிலிட்டு, வெப்பமானியைக் கழுத்தில் பொருத்தி மெல்லச் சூடாக்குவார். அசிட்டோன் 56 டிகிரியிலும், மெதனால் 65 டிகிரியளவிலும், டொலுவின் 111 டிகிரியளவிலும், சைலீன் 138 முதல் 144 வரையிலும் கொதிப்பவை. வெப்பமானி நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவ்வவ்விடத்தில் வடிந்ததைத் தனித்தனிப் புட்டியில் பிடித்தால் வேலை முடிந்ததென்று நினைக்கலாம்.

முடியவில்லை. சில திரவங்கள் கூடினால், தத்தம் இயல்பை விட்டு, ஒரே திரவம்போல் ஒரே உஷ்ணத்தில் கொதிக்கும். மெதனாலும் டொலுவினும் சேர்ந்தால் 64 டிகிரி அளவில் இரண்டும் ஒன்றாக ஏறிவரும். தனியே 111-இல் கொதிக்கவேண்டிய டொலுவின், துணை கிடைத்தபடியால் அவ்வளவு முன்னதாகவே புறப்பட்டுவிடுகின்றது. அசிட்டோனும் மெதனாலும் சேர்ந்து 56 டிகிரிக்குச் சற்றுக் கீழே வரும். வெப்பமானியை மட்டும் நம்பினவர் முதற்புட்டியில் அசிட்டோன் மட்டுமே இருப்பதாக எழுதிவைப்பார். டொலுவின் கலந்த புட்டியில் தண்ணீரை விட்டால் முடிச்சு அவிழும்: மெதனால் தண்ணீரை நாடிப் போக டொலுவின் மேலே நிற்கும். அசிட்டோன் முடிச்சு அவ்விதம் அவிழாது, இரண்டும் நீரோடு உறவானவையாகையால்.

நம் கிராமப்புறத்தில் வழங்கும் ஓர் எண்ணத்தை இவ்விடத்தில் மறுத்தல் வேண்டும். வடிக்கும்போது முதலில் வரும் பாகத்தைக் கொட்டிவிட்டால் விஷம் அதனோடு போய்விடும் என்று சிலர் உறுதியாய்ச் சொல்கின்றனர். மெதனாலின் கொதிநிலை 65, எதனாலின் கொதிநிலை 78. ஆகையால் மெதனால் முந்திவரும் என்பது அவர்கள் வாதம். தண்ணீர் அதிகமுள்ள பானையில் இவ்வாதம் நிற்பதில்லை. மெதனால் தண்ணீரோடு அதிக உறவுடையது. தண்ணீர் அதனைப் பிடித்து நிறுத்துவதால் முதல் வடியிலும் இடைவடியிலும் கடைவடியிலும் சிறிது சிறிதாக வந்துகொண்டேயிருக்கும். இரண்டையும் உண்மையிற் பிரிக்க, பல தட்டுகள் அமைந்த உயரமான தூண்களில் ஆவி ஏறியும் திரவம் இறங்கியும் மீண்டும் மீண்டும் மோதவேண்டும். வெல்லப்பாகுக் கழிவிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைகளில் அத்தூண்கள் உள்ளன. பானையும் மூங்கிற் குழாயும் அந்த வேலையைச் செய்யா. கரித்தூளில் வடிகட்டுவதும், எலுமிச்சம்பழம் பிழிவதும், பால் ஊற்றுவதும் நிறத்தையோ மணத்தையோ மாற்றுமேயன்றி மெதனாலை ஒரு துளியும் குறைப்பதில்லை.

தற்காலத்தில் தீர்ப்புச் சொல்லும் கருவி வாயு நிறப்பகுப்பு இயந்திரமாகும். இதன் மூலம் ஒரு தாவர சாஸ்திரியினிடம் இருக்கின்றதென்பது நம் போன்ற பயிர்த்தொழில் சார்ந்தவர்களுக்குச் சந்தோஷமான செய்தி. ருஷியரான ஸ்வெத் என்பவர் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், பச்சிலையின் சாற்றைச் சுண்ணப்பொடி நிரம்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கரைப்பானை விட்டபொழுது, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்ததைக் கண்டார். 1952-இல் ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் ஆங்கிலேயர் திரவத்துக்குப் பதிலாக வாயுவைக்கொண்டு அம்முறையை நடத்திக் காட்டினர். துளியினும் சிறிய அளவு திரவத்தைச் சூடான வாயிலில் செலுத்தினால், அது ஆவியாகி, உட்புறம் பூச்சுள்ள மெல்லிய நீண்ட குழாயில் வாயுவால் தள்ளப்பட்டுச் செல்லும். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்கு ஒரே நேரத்தில் நடையாகப் புறப்படும் ஜனங்களில், வழியிலுள்ள தண்ணீர்ப் பந்தல்தோறும் தங்குவோர் பிந்துவர், தங்காதோர் முந்துவர். அதுபோலக் குழாயின் பூச்சில் தங்கும் இயல்புக்குத் தக்கபடி ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நிமிஷத்தில் வெளிவரும். வாயிலில் எரியும் ஒரு சிறு சுடர் அதனை உணர்ந்து தாளில் ஒரு சிகரமாக வரையும். வந்த நேரம் பொருளின் பெயரையும், சிகரத்தின் பரப்பு அதன் அளவையும் காட்டும். இறந்தவரின் இரத்தத்தையும் இவ்வண்ணமே, புட்டியை இளஞ்சூட்டில் வைத்து மேலே நிற்கும் ஆவியை எடுத்துச் சோதிக்கின்றனர்.

விஷப் பரிசோதனைக்கென்று இந்தியாவில் முதன்முதலாக ரசாயனச் சோதனைச்சாலை ஏற்பட்டது 1849-இல் சென்னையிலாகும். இக்காலத்தில் விழுப்புரத்திலேயே வட்டாரத் தடயவியல் ஆய்வகம் இருக்கின்றது. கருணாபுரத்துச் சரக்கு அங்கேதான் சோதிக்கப்பட்டது. சோதனைச்சாலை உயர்ந்ததாயினும், கேள்வி கேட்கப்படும்வரை அது பேசாது என்பதற்கு மற்றோர் உதாரணம் உண்டு. 2025-இல் காஞ்சிபுரம் ஜில்லாவில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். மருந்துக்குக் கரைப்பானாகச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால் இருக்கவேண்டிய அம்மருந்தில் டையெதிலீன் கிளைக்கால் என்னும் விஷம் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்ததாக நமது மாநிலத்துச் சோதனைச்சாலை கண்டது. இரண்டும் நிறமற்றவை, கொழுகொழுப்பானவை, இனிப்பானவை. கரைப்பான் உள்ளே வரும்போதே சோதித்திருப்பின் ஒரு நாள் வேலை.

உடலினுள் மெதனால் செய்வது யாதெனில், அது தானாகக் கொல்வதில்லை. நமது ஈரல் அதனைச் செரிக்க முயன்று முதலில் பார்மால்டிஹைடாகவும், பிறகு எறும்பின் கொடுக்கிலுள்ள பார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றது. அவ்வமிலம் உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தவொட்டாமல் தடுக்கின்றது. கண்ணின் நரம்பு முதலில் வாடுகின்றது. 10 மில்லிலிட்டர் பார்வையைப் போக்கலாம். 30 மில்லிலிட்டர் உயிரைப் போக்கலாம். இம்மாறுதலுக்கு 12 முதல் 24 மணி நேரம்வரை செல்லும். நல்ல சாராயமும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். இத்தாமதமே பெருங்கேடு. இரவு குடித்தவன் காலையில் நன்றாக எழுந்து நடமாடுவதைக் கண்டு அடுத்தவனும் குடிக்கின்றான். பிறகு வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, மேல்மூச்சு. கண்ணெதிரே பனி மூடியதுபோல் இருக்கின்றதென்று சொல்வார்கள். அச்சொல்லைக் கேட்டபின் ஒரு நிமிஷமும் தாமதித்தல் ஆகாது.

வைத்தியம் உண்டு, காலத்தில் சேர்ந்தால். ஈரல் மெதனாலைத் தொடவொட்டாமல் தடுக்கும் மருந்தும், அமிலத்தை முறிக்கும் சோடா உப்பும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸும் கொண்டு பலர் பிழைத்திருக்கின்றனர். கிளியனூர்ப் பக்கத்தாருக்குப் புதுச்சேரிச் சாலையில் கோரிமேட்டிலுள்ள ஜிப்மரும், மேற்கே முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. 108 வண்டியை அழைக்கும்போதே 'விஷச் சாராயமாக இருக்கலாம்' என்று சொல்லிவிட வேண்டும். போலீசுக்குப் பயந்து 'வயிற்றுப்போக்கு' என்று சொல்லிச் சேர்ப்பதால் இழக்கும் மணி நேரங்கள் திரும்பக் கிடைப்பதில்லை. உடன் குடித்தவர்கள் யார் யார் என்று கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் வீடு வீடாகச் சென்று கேட்டு, நலமாக இருப்பவர்களையும் அழைத்துப்போய்ச் சோதிக்கச் செய்தல் வேண்டும். 1980-க்கு முன் மணியக்காரரும் கர்ணமும் காலரா நாளில் செய்த வேலையைப் போன்றதே இது.

பூச்சி மருந்தைக் குடித்தவரை எடுத்துச் செல்லும்போதும் புட்டியையும் அதனோடு வந்த சீட்டையும் கூடக் கொண்டுபோக வேண்டும். பல சரக்குகளின் சீட்டில் மருந்தோடு கரைப்பானின் பெயரும் அச்சிட்டிருக்கும். சைலீன் கலந்த மருந்தானால், வாந்தியெடுக்கச் செய்யும்போது அது நுரையீரலில் புகுந்து வேறொரு ஆபத்தை உண்டாக்கும். அதனை வைத்தியர் அறிந்திருத்தல் நலம். உப்புக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து வாந்தியெடுக்கவைக்கும் பழைய வழக்கத்தை இக்காரணம் பற்றியே விட்டுவிட வேண்டும். கரைப்பானையோ தின்னரையோ சோடா, கலர்ப் புட்டிகளில் ஊற்றிவைத்தல் எக்காலத்திலும் கூடாது. சீட்டில்லாத கேன் மலிவாகக் கிடைக்கின்றதென்று தெளிப்பானைக் கழுவ வாங்குவோரும் உண்டு. அது தெளிப்பானின் ரப்பர் வளையத்தைக் கரைப்பதோடு, அடியில் மிஞ்சியது அடுத்த தெளிப்பில் பயிரின் இலையையும் கருக்கும்.

மெதனாலை வைத்திருப்பதும் விற்பதும் 1959-ஆம் ஆண்டு ஏற்பட்ட விதிகளுக்கு உட்பட்டவை. அவ்விதிகள் கெடுத்த சாராயம், மெதில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகியவற்றைக் குறித்தவை. ஆகையால் தோட்டத்திலோ, சவுக்குத் தோப்பிலோ, மூடிய கிணற்றடியிலோ சீட்டில்லாத கேன்கள் கிடைத்தால் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை. மண்ணில் கொட்டிவிடுவதும் தவறு. சாட்சியமும் போகும், கிணற்று நீரும் கெடும். அதிகாரி வரும்வரை நிழலில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் காவல் வைத்தால் போதும். யாரேனும் குடித்துவிட்டு விழுந்திருந்தால், அவர் குடித்த பாக்கெட்டிலோ டம்ளரிலோ மிஞ்சிய சில துளிகளும் விலையேறப்பெற்றவை. இரு சாராயங்களும் சீக்கிரம் ஆவியாகுமாதலால், சிறிய கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரம்பும்படி ஊற்றி, இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கிடைத்த இடம், நாள், மணி, எடுத்தவர், கூட நின்றவர் ஆகியவற்றைத் துண்டுச் சீட்டில் எழுதிப் புட்டியின்மேல் ஒட்டுதல் அவசியம். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும்போது சருமத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டாமென்று கூட வந்தவர் நினைவூட்டினாலும் தவறில்லை. அந்த ஸ்பிரிட்டும் தாளில் ஒரு சிகரமாக வந்து நிற்கும்.